சாதிக்காய் மரமும் ஃபைபர் வள்ளமும்

திருகோணமலை

அன்புள்ள ஞானம்,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததறிந்து நிம்மதி. இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டதால் நிலாவெளியில் கரைவலைத் தொழில் ஓய்ந்துவிட்டது, மற்றபடி சுகம்.

கரிபியன் கடலிலுள்ள கிரனடா நாட்டின் கரியாக்கூத் தீவில் பெரில் சூறாவளியால் வீடிழந்தோருக்காக உங்கள் சங்கம் திரட்டிய பணத்தை எப்படிச் செலவிடலாம் என்று கேட்டிருந்தீர். பொருளாக வாங்கி அனுப்பவேண்டாம் என்பதே என் எண்ணம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வந்திறங்கிய ஃபைபர் வள்ளங்களை நீரும் பார்த்தீர் அல்லவா? கொடுத்தவர் பெயரைப் பெரிய எழுத்தில் பூசி, ஒரே நாளில் படமெடுத்துக் கையளிக்கலாம் என்பதால், கடலுக்கே போகாதவனுக்கும் வள்ளம் கிடைத்தது. கருவாடு போட்டுப் பிழைத்த பெண்களுக்கோ உப்பு வாங்கவும் முதல் கிடைக்கவில்லை. விளிம்பு வெடித்த வள்ளமொன்று எங்கள் ஒழுங்கை முகப்பில் நெடுங்காலம் மழைநீர் நிறைந்து கிடந்து, நுளம்பு பெருகுகிறதென்று சுகாதாரப் பரிசோதகர் வந்து கவிழ்க்கச் சொன்ன பிறகே கவிழ்க்கப்பட்டது.

கிரனடாவுக்கு இது முதல் அடியன்று. 2004 செப்டெம்பரில் ஐவன் சூறாவளி, அந்நாட்டின் ஆண்டு உற்பத்தியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சேதத்தை விளைவித்தது. கூரைத் தகரம் கப்பலில் வந்துவிடும். சாய்ந்த சாதிக்காய் மரங்களுக்குப் பதிலாக நட்ட கன்றுகள் காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும், அதுவரை அவற்றை நம்பியிருந்த குடும்பங்கள் எதைக்கொண்டு சீவிக்கும் என்பதற்கு உதவித் திட்டங்களில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை.

அந்த அனுபவத்துக்குப் பின் 2007இல் கரிபியன் நாடுகள் கூட்டாகத் தொடங்கிய பேரிடர்க் காப்புறுதி நிதியம், சேதத்தைக் கணக்கெடுக்கும்வரை காத்திராமல், காற்றின் வேகம் முதலானவற்றை வைத்தே இரண்டு வாரத்துக்குள் பணம் கொடுக்கிறது. கொடை நாடுகள் செய்த உருப்படியான காரியங்களில் அதற்கு முதல் போட்டதும் ஒன்று. பெரிலுக்குப் பிறகு கிரனடாவுக்கு ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் அமெரிக்க டொலர் அவ்விதம் கிடைத்தது. கடன் பத்திரங்களில் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த சூறாவளி நிபந்தனையால் தவணைகளையும் தள்ளிப்போட முடிந்தது. ஆனால் இதுவும் முதல் சில மாதங்களுக்கே காணும். 2017இல் மரியா சூறாவளி தாக்கிய மற்றொரு கரிபியன் தீவு நாடான டொமினிக்காவில் சேதமும் இழப்பும் ஏறத்தாழ 130 கோடி டொலர். கிடைத்த காப்புறுதி ஏறத்தாழ 2 கோடிதான்.

மாலைதீவை, உதவிச் சலுகைகள் பெறும் மிகக் குறைந்த வளர்ச்சியுற்ற நாடுகளின் பட்டியலிலிருந்து நீக்க ஐ.நா. பொதுச்சபை 2004 டிசெம்பர் 20இல் தீர்மானித்து, ஆறாம் நாள் சுனாமி வந்ததும் உமக்கு நினைவிருக்கும். தலா வருமானத்தை மட்டும் பார்த்துச் சலுகையைக் குறைப்பது தீவுகளுக்குப் பொருந்தாது.

ஆகவே பாதிப் பணத்தை இப்போது கொடுத்து, மீதியை வைப்பிலிட்டு, இரண்டு ஆண்டு கழித்து, செய்தியாளர்களெல்லாம் போன பிறகு, அங்குள்ள மீனவரிடமும் படகு கட்டுவோரிடமும் கேட்டுக் கொடுங்கள். வைப்பிலிட்ட பணத்தைப் படமெடுத்துக் காட்ட முடியாதென்பதால் சங்கக் கூட்டத்தில் ஆட்சேபம் எழும். ஆண்டுதோறும் கணக்கறிக்கை அனுப்புவதாகச் சொல்லிப் பாரும். என்ன முடிவாயிற்று என்று எழுதும்.

அன்புடன்,
இராசநாயகம்