ஸ்கேன் மெஷினுக்குள் கிரேக்கக் கூட்டம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்கு இடுப்புதான் காரணம். தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கினேன், நிமிர முடியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் ஜவ்வு கொஞ்சம் விலகியிருக்கிறதாம். ஆபரேஷன் எல்லாம் வேண்டாம், பெல்ட் போட்டுக்கொண்டு ஒழுங்காக இரு என்றார்கள். இப்போது கட்டிலில் சாய்ந்தபடியே எழுதுகிறேன், கையெழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

"ஜீயஸ்னா யாரு தாத்தா, நம்ம இந்திரன் மாதிரியா?" என்று பேத்தி கேட்டதற்கு நீ விழித்ததாக எழுதியிருந்தாய். முப்பது வருஷம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்த உனக்கு இது வேண்டும்! ஹாஸ்டலில் நான் கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் கிரேக்கக் கதைகளை ஒளித்துவைத்துப் படித்தது உனக்கு இன்னும் நினைவிருக்கிறதே, அதுவே சந்தோஷம்.

பேத்தி கேட்டது நல்ல கேள்வி. ஜீயஸும் இடி மின்னலைக் கையில் வைத்திருப்பவன், வானத்துக்கு அரசன், பெண்கள் விஷயத்தில் சபலக்காரன். ஆனால் பெயரை மட்டும் பார்த்தால் அவனுக்கு உறவு இந்திரன் இல்லை. ரிக் வேதத்தில் வரும் 'த்யௌஸ்' என்ற வானத் தந்தையும் ஜீயஸும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவர்கள். ரோமானியர்களின் ஜூபிடரும் அதே வேர்தான், 'த்யௌஸ் பிதர்' என்று சேர்த்துச் சொல்லிப் பார், காதே சொல்லிவிடும்.

இந்தக் கதைகளுக்கு வேதம், பைபிள் மாதிரி ஒரே மூலநூல் கிடையாது. கவிஞர்கள் சொன்னதுதான். அவர்களில் ஹோமரைவிட எனக்கு நெருக்கமானவர் ஹெசியாட். கி.மு. 700 வாக்கில் அஸ்க்ரா என்ற மலையடிவாரக் கிராமத்தில் இருந்த குடியானவர். குளிர்காலத்தில் மோசம், கோடையில் கொடுமை, எந்தக் காலத்திலும் நல்லதில்லை என்று சொந்த ஊரையே திட்டி எழுதியவர். தம்பி பெர்சிஸோடு அவருக்குச் சொத்துத் தகராறு. பங்கு பிரித்தபோது அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுத்துத் தம்பி அதிகமாக வாரிக்கொண்டான் என்று பாட்டிலேயே புகார் சொல்கிறார். உலகத்துத் துன்பங்களையெல்லாம் திறந்துவிட்ட பண்டோராவின் கதை அந்தப் பாட்டில்தான் வருகிறது. அவள் திறந்தது பெட்டி இல்லை என்பதையும் பேத்தியிடம் சொல்லிவை. ஆளுயரத் தாழி. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் லத்தீனில் எழுதும்போது அதைச் சிமிழாக்கிவிட்டார், உலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

ஜீயஸ் பிறந்த கதையையும் ஹெசியாட்தான் விரிவாகச் சொல்கிறார். முதலில் ஒரு பெரும் வெறுமை. பிறகு பூமித்தாய் கையா. அவள் பெற்ற வானமே அவளுக்குக் கணவனும் ஆகிறது. அவர்கள் மகன் குரோனோஸ் அப்பனை அரிவாளால் அறுத்து ஆட்சியைப் பிடிக்கிறான். 'உன் பிள்ளையும் உன்னைக் கவிழ்ப்பான்' என்று தெரிந்ததும், பிறக்கப் பிறக்க ஐந்து பிள்ளைகளை விழுங்கிவிடுகிறான். ஆறாவதாக ஜீயஸ் பிறந்தபோது தாய் ரியா ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுக்கிறாள், அதையும் பார்க்காமல் விழுங்குகிறான். குழந்தை கிரீட் தீவில் ஒளிந்து வளர்கிறது. பின்னால் குரோனோஸ் எல்லாவற்றையும் கக்கும்போது முதலில் வருவது அந்தக் கல். ஜீயஸ் அதை டெல்ஃபியில் நட்டுவைக்கிறான்.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பாசேனியாஸ் என்ற பயணி டெல்ஃபிக்குப் போய் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறார். பெரிய கல் இல்லையாம். தினமும் அதன்மேல் எண்ணெய் ஊற்றுவார்கள், திருவிழா நாளில் நூற்காத கம்பளி ரோமத்தைச் சாத்துவார்கள் என்று எழுதியிருக்கிறார். எண்ணெய் முழுக்கும் சாத்துப்படியும்! படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, அந்தத் தெய்வங்களெல்லாம் இப்போது எங்கே என்றும் கேட்டிருந்தாய். என்னைப் படுக்கவைத்து உள்ளே தள்ளினார்களே அந்த ஸ்கேன் மெஷின், அதற்குள்ளேயே ஒரு கூட்டம் இருக்கிறது. உள்ளே 'டம் டம் டம்' என்று இருபது நிமிஷம். அசையாதீங்க என்று சொல்லிவிட்டார்கள், வேறு வேலை இல்லாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். அதன் காந்தச் சுருள் நயோபியமும் டைட்டானியமும் கலந்த கம்பி. டைட்டானியம் என்றால் டைட்டன்கள், குரோனோஸின் வம்சம். நயோபியம் என்றால் நயோபி. 'எனக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், லெட்டோவுக்கு ரெண்டே ரெண்டு' என்று பீற்றிக்கொண்டவள். லெட்டோ ஒரு தெய்வம், அந்த ரெண்டு பேர் அப்போலோவும் ஆர்ட்டெமிஸும். பன்னிரண்டையும் அம்பெய்து கொன்றார்கள். அழுது அழுது அவள் கல்லானாள். கம்பியை மைனஸ் 269 டிகிரியில் வைத்திருப்பது திரவ ஹீலியம். 1868இல் சூரிய ஒளியில் ஆங்கிலேய வானியலாளர் லாக்யர் கண்ட ஒரு மஞ்சள் கோட்டை உண்டாக்கிய தனிமத்துக்குச் சூரியத் தேவன் ஹீலியோஸின் பெயரை வைத்தார்கள். அப்போலோவும் ஹீலியோஸும் ஒன்றுதான் என்று பின்னாளில் நிறையப் பேர் சேர்த்துக் குழப்பிவிட்டார்கள், ஹோமர் காலத்தில் இருவரும் வேறு வேறு ஆள்.

நயோபியின் அப்பா டான்டலஸ் உன் சட்டைப் பையில் இருக்கிறான். செல்போனில் இருக்கும் மிகச் சின்னக் கெபாசிட்டர்களில் டான்டலம் உண்டு. பெற்ற பிள்ளையையே வெட்டிச் சமைத்துத் தெய்வங்களுக்கு விருந்து வைத்த பாதகன் அவன். பாதாளத்தில் தாடை வரை தண்ணீரில் நிற்கிறான், குடிக்கக் குனிந்தால் தண்ணீர் வற்றிவிடும். தலைக்கு மேல் மாதுளையும் அத்தியும் தொங்கும், கை நீட்டினால் காற்று தள்ளிவிடும். 1802இல் ஸ்வீடன்காரர் ஏக்கபெர்க் ஒரு புது உலோகத்தைக் கண்டார். அமிலத்தில் முக்கி வைத்தாலும் அது துளி அமிலத்தை ஏற்கவில்லை. உடனே அவருக்கு டான்டலஸ் நினைவு வந்தான். 1844இல் அதே கனிமத்தில் கூடவே ஒட்டியிருந்த இன்னொரு உலோகத்தைப் பிரித்தறிந்த ஜெர்மானியர் ரோஸே, அப்பனோடு இருப்பது மகள்தானே என்று நயோபியம் என்று பெயரிட்டார். கெமிஸ்ட்ரிக்காரர்களுக்குக் கவிதை வராது என்று ஹாஸ்டலில் நீ சொல்வாயே, இதற்கு என்ன சொல்கிறாய்?

ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொடுக்கும் வேலையில் நான் அதிகம் தொட்டெடுத்த கிரேக்கப் பெயர் வேறு. விதியின் மூன்று சகோதரிகள். குளோத்தோ உயிர் நூலை நூற்பாள், லாக்கெசிஸ் அளப்பாள், அட்ரோப்போஸ் வெட்டுவாள். அட்ரோப்போஸ் என்றால் 'திருப்ப முடியாதவள்'. பெல்லடோனா என்ற நச்சுச்செடிக்கு, செடிகளை வகைப்படுத்திப் பெயர்வைத்த லின்னேயஸ் அவள் பெயரைச் சூட்டினார், அதிலிருந்து வந்த மருந்து அட்ரோபின். நம் ஊமத்தையும் அந்தச் செடியின் குடும்பம்தான், அதிலும் இதே சரக்கு உண்டு.

பருத்திக்கு மருந்தடிக்கும் மாதங்களில் நைட் டியூட்டி என்றாலே எனக்குப் பயம். காற்றுக்கு எதிரே நின்று மருந்தடித்தவரைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். அந்தப் பூச்சிமருந்து, நரம்புச் செய்தியை நிறுத்துகிற நொதியை முடக்கிவிடும். செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்க, நெஞ்சு சளியில் மூழ்கும். அந்தச் செய்தி வந்து சேரும் வாசலை அடைத்துவிடுவதுதான் அட்ரோபினின் வேலை. "ஸ்டாக் எவ்வளவு இருக்கு?" என்று டாக்டர் கேட்பார், நான் பெட்டி பெட்டியாக எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஒரு ஆம்பியூலில், அதாவது ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பியில், 0.6 மில்லிகிராம்தான். குப்பியின் கழுத்தை உடைத்து உடைத்து சிஸ்டரின் விரலெல்லாம் கீறல். நெஞ்சுச் சளி காயும் வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் உளற ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். விடிகாலையில் ஒருவர் கண்ணைத் திறந்து பீடி கேட்டார். நூலை வெட்டுகிறவள் பெயரில் இருக்கும் மருந்து இதைச் செய்கிறதே என்று அன்று காலி ஆம்பியூல்களை எண்ணி ரெஜிஸ்டரில் எழுதியபோது தோன்றியது.

டாக்டர்களின் கார் ஸ்டிக்கரைக் கவனித்திருக்கிறாயா? இறக்கை முளைத்த கோலில் இரண்டு பாம்பு சுற்றியிருந்தால் அது தப்பு. மருத்துவக் கடவுள் அஸ்க்ளீப்பியஸின் கோலில் ஒரே பாம்புதான், இறக்கை கிடையாது. இரண்டு பாம்புக் கோல் ஹெர்மிஸுடையது. வியாபாரிகளுக்கும் திருடர்களுக்கும் காவல் தெய்வம் அவன், செத்தவர்களைப் பாதாளத்துக்குக் கூட்டிப்போகிறவனும் அவன்தான். 1902இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு அதைச் சின்னமாக எடுத்துக்கொண்டதிலிருந்து குழப்பம் பெருகிவிட்டது. ஒருமுறை எங்கள் டாக்டர் ஒருவரிடம் இதைச் சொன்னேன், அடுத்த வாரம் ஸ்டிக்கரைக் காணோம்.

பேத்திக்கு லெகோ பிடிக்கும் என்று சொன்னாயே, அவளுக்காக ஒன்று. வியாழன் கிரகத்துக்கு இங்கிலீஷில் ஜூபிடர், அதாவது ஜீயஸின் ரோமானியப் பெயர். அதன் நான்கு பெரிய நிலவுகளுக்கு ஐயோ, யூரோப்பா, கானிமீட், கலிஸ்டோ என்று பெயர். எல்லாம் ஜீயஸ் ஆசைப்பட்டு வளைத்துப்போட்டவர்கள் (இதை அவளுக்குப் பக்குவமாகச் சொல்). தன் லீலைகளை அவன் மேகத்தால் மூடி மறைத்தால், மனைவி ஹீரா அந்த மேகத்தைத் தாண்டிப் பார்த்துவிடுவாள். ஹீராவுக்கு ரோமானியப் பெயர் ஜூனோ. 2011இல் நாசா அனுப்பி 2016 ஜூலையில் வியாழனைச் சுற்ற ஆரம்பித்த விண்கலத்தின் பெயரும் ஜூனோ, அதன் வேலையும் மேகத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது! உள்ளே அலுமினியத்தில் செய்த மூன்று லெகோ பொம்மைகள் போயிருக்கின்றன: தொலைநோக்கியோடு கலிலியோ, மின்னலோடு ஜூபிடர், பூதக்கண்ணாடியோடு ஜூனோ.

அடுத்த மாதம் வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. நான் பாரம் தூக்கக் கூடாது, அதனால் பரணில் இருக்கும் பழைய புத்தக மூட்டையை நீதான் இறக்க வேண்டும்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத் தோழன்