அலாரத்துக்கு மூன்று நம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். இந்தக் கடிதத்தை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். அம்மா கேட்டால், பேரன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று சொல்லிச் சமாளியுங்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். அதனால்தான் கடிதம்.

போன மாதம் எங்கள் வீட்டில் திருட்டுப் போய்விட்டது. பயப்படாதீர்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அப்போது வீட்டில் ஒருவருமே இல்லை. எனக்கு அன்று பகல் ட்யூட்டி, அவர் ஆபீஸில், பையன் பள்ளியில். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையனை அழைத்துக்கொண்டு வந்தேன். இங்கே குளிர்காலத்தில் நாலரைக்கே இருட்டிவிடும். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிய, எங்கள் வீடு மட்டும் இருட்டாக நிற்கும். ஆள் இல்லை என்று நாங்களே போர்டு எழுதி மாட்டியதுபோல. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. ஹீட்டர் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பின்பக்கத்து நகரும் கண்ணாடிக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

அலமாரியின் ஐந்து இழுப்பறைகளும் படிக்கட்டு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அடியிலிருந்து ஆரம்பித்து மேலே போவார்களாம். மேலேயிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொன்றையும் மூடிவிட்டுத்தான் அடுத்ததைப் பார்க்க முடியும், நேரம் வீண். போலீஸ்காரர்தான் இதைச் சொன்னார். லேப்டாப், அவருடைய கைக்கடிகாரம், பையனின் உண்டியல், அப்புறம் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த இரண்டு வளையல். அம்மாவிடம் காட்ட வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். பாஸ்போர்ட்டுகளைக் கட்டிலில் வீசிவிட்டுப் போயிருந்தார்கள், நல்லவேளை.

விரல் ரேகைக்காக ஜன்னல் விளிம்பில் ஒரு கருப்புப் பொடியைத் தூவிவிட்டுப் போனார்கள். ஈரத்துணியால் துடைத்தேன், மை மாதிரி பரவியது. இப்போதும் அந்த விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் இருக்கிறது. போலீஸ்காரர் மரியாதையாகப் பேசினார், வழக்கு எண் எழுதிக் கொடுத்தார், பொருள் கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவர் சொன்ன ஒரு விஷயம்தான் எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு தடவை நுழைந்த வீட்டுக்கே மறுபடியும் வருவார்களாம், அதுவும் அடுத்த சில வாரங்களுக்குள். வழி பழகிவிட்டது, போனதற்குப் பதில் புதுசு வாங்கி வைத்திருப்பார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. அவர் சும்மா மிரட்டவில்லை. குற்றங்களை ஆராய்கிறவர்கள் பல நாடுகளில் இதையே கண்டு எழுதியிருக்கிறார்கள்.

இரவில் நீங்கள் படுக்கப் போகுமுன் வாசல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, போட்டது போதாதென்று இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பீர்களே, அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சின்ன வயதில் தூக்கம் வரும். இங்கே கதவுகளில் அந்த மாதிரி இரும்புத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு சாவித் துவாரம், அவ்வளவுதான். பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஜன்னலுக்குக் கம்பி வைக்கலாமா என்று கேட்டேன், சிறைச்சாலை மாதிரி இருக்கும் என்று வீட்டுச் சொந்தக்காரரே சிரித்தார். தீப்பிடித்தால் ஜன்னல் வழியாக வெளியேற வேண்டியிருக்குமாம், அதுவும் நியாயம்தான்.

மூன்றாம் நாளே அலாரம் விற்கிறவர் வாசலில் வந்து நின்றார். திருட்டுப் போனது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் சந்தேகம். பையைத் திறந்து சோபா மேஜையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். கதவுக்கு ஒரு ஜோடி சின்னப் பெட்டி. நிலையில் இருக்கும் பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் தலைமுடி அகலத்துக்கு இடைவெளி விட்டு இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கதவில் இருக்கும் பெட்டியில் காந்தம். கதவு மூடியிருக்கும்வரை காந்தம் பக்கத்தில் இருக்கிறது, தகடுகள் ஒட்டிக்கொள்கின்றன. கதவு திறந்தால் காந்தம் விலகுகிறது, தகடுகள் பிரிகின்றன, சைரன் அலறுகிறது. இவ்வளவு எளிமையான சங்கதி, 1930களில் அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆய்வகத்தில் கண்டுபிடித்ததாம். சுவர் மூலையில் மாட்டுவது இன்னொன்று. அது எதையும் வெளியே அனுப்புவதில்லை, அறையில் உடம்புச் சூடு குறுக்கே நகர்வதை மட்டும் உணர்கிறது. ஹீட்டர் காற்றில் திரைச்சீலை ஆடினால்கூட அது ஏமாந்துவிடலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவனை அதற்குத் தெரியாது. ஆக, அவன் உள்ளே வந்தபிறகுதான் அது கத்தும்.

நான் கேட்ட கேள்விகளைக் கேட்டிருந்தால் நீங்கள் மெச்சியிருப்பீர்கள். கரண்ட் போனால்? உள்ளே பேட்டரி இருக்கிறது. இன்டர்நெட் ஒயரை வெட்டினால்? உள்ளே சிம் இருக்கிறது. சைரன் அடித்தால் போலீஸ் வந்துவிடுமா? இங்கேதான் அவர் கொஞ்சம் இழுத்தார். முதலில் அவர்களுடைய கண்காணிப்பு மையத்திலிருந்து எங்களுக்குப் போன் வரும், எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்கு, அதற்கப்புறம்தான் போலீஸுக்கு. ஒப்பந்தம் 36 மாதம். இடையில் வீடு மாறினாலும் மாதக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த வரி மட்டும் மற்றதைவிடப் பொடி எழுத்தில் இருந்தது.

அன்றிரவு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் சிறையில் இருந்த 422 திருடர்களிடம் ஒரு பல்கலைக்கழகம் விசாரித்து 2012இல் அறிக்கை எழுதியிருக்கிறது. அலாரம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்று நூற்றுக்கு 83 பேர் சொல்லியிருக்கிறார்கள். இருந்தால் வேறு வீடு பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்கு 60 பேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அலாரம் தொழிலைச் சேர்ந்த ஒரு அறக்கட்டளை. அப்புறம், அந்த ‘வேறு வீடு’ யாருடையது? பக்கத்து வீட்டுக்காரருடையதுதானே. இன்னொரு பக்கம், அதே நாட்டு நீதித்துறை வெளியிட்ட போலீஸ் கையேட்டில், போலீஸுக்கு வரும் அலாரம் அழைப்புகளில் 94 முதல் 98 சதவீதம் வெற்று அழைப்பு என்று போட்டிருக்கிறது. சால்ட் லேக் சிட்டியில் 2000ஆம் ஆண்டிலிருந்து, யாராவது நேரில் பார்த்து உறுதி சொன்னால்தான் போலீஸ் வரும் என்று விதியே போட்டுவிட்டார்கள். புலி வருது கதைதான்.

எனக்குப் பிடித்தது ஒரு நர்ஸின் கதை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்று ஒருவர். கண்ட நேரத்தில் ட்யூட்டி, தனியாக வீட்டில் இருக்க பயம், கூப்பிட்டால் போலீஸ் வர நேரமாகும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவரோடு சேர்ந்து 1966இல் தானே ஒரு ஏற்பாட்டை வடிவமைத்தார். கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துவாரங்கள், அவற்றுக்குப் பின்னால் மேலும் கீழும் நகரும் ஒரு காமிரா, படுக்கையறையில் டிவி. ஒரு பட்டனை அழுத்தினால் கதவு திறக்கும், இன்னொன்றை அழுத்தினால் உதவிக்கு அழைப்பு போகும். 1969இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். நைட் ட்யூட்டியில் உட்கார்ந்து இதைப் படித்தபோது, அந்த அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும்போல இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டணம் அதிகம் என்றாலும், பையன் விளக்கை அணைக்க விடமாட்டேன் என்று அழுகிறான், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தேன். பெயர், முகவரி, கதவுகள் எத்தனை, நாய் உண்டா. கடைசிப் பக்கத்தில் மூன்று கோடு. ‘அலாரம் அடித்தால் உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய மூன்று பேரின் போன் நம்பர்.’ எங்கள் இருவரையும் தவிர்த்து என்று கீழே குறிப்பு.

பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என்னோடு வேலை பார்ப்பவர்கள் நாற்பது நிமிஷத் தூரத்தில் இருக்கிறார்கள். அவருடைய நண்பர்கள் இன்னும் தள்ளி. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உங்களுடையதுதான், அதை எழுதி என்ன பிரயோஜனம்? நாலு வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறோம். ஒரு வீட்டு நம்பர்கூட என்னிடம் இல்லை. கோடுகளை வெறுமையாக விட்டுப் படிவத்தை மூடிவைத்தேன்.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், தனி ஆள். நடக்க உதவும் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார். பகல் முழுக்க ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் கையசைப்பேன், அவரும் அசைப்பார், அதோடு சரி. மறுநாள் போய்க் கதவைத் தட்டினேன். திருட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அன்று மதியம் பளபளக்கும் மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் போவதைப் பார்த்திருக்கிறார். கேஸ் மீட்டர் பார்க்க வந்தவன் என்று முதலில் நினைத்தாராம். ரொம்ப நேரம் திரும்பி வராததால் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. “போன் பண்ணலாம் என்றுதான் எடுத்தேன், உங்கள் நம்பர் என்னிடம் இல்லையே” என்றார். அப்பா, எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவர் மேஜையில் இருந்த டெலிபோன் நோட்டில் என் நம்பரை நானே எழுதினேன். பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார், பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாதாம். அவர் மகள் நம்பரை எனக்கும் கொடுத்தார்.

அதற்கப்புறம் 36 மாத ஒப்பந்தம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். முதலில் கதவைச் சரி செய்தோம். பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகட்டை, முக்கால் அங்குல ஸ்க்ரூ இரண்டுதான் பிடித்துக்கொண்டிருந்தது. ஓங்கி ஒரு உதை விட்டால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். உங்கள் மாப்பிள்ளை மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டு, நிலைக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டம்வரை இறக்கினார். கண்ணாடிக் கதவு ஓடும் தடத்தில், அளவாக வெட்டிய ஒரு கழியைப் படுக்கவைத்தோம், இனி நெம்பினாலும் நகராது. சாயங்காலம் நாலு மணிக்குத் தானாக எரியும்படி இரண்டு விளக்கு. பிறகு, நாமே மாட்டிக்கொள்ளும் அலாரம் ஒன்று, மாதக் கட்டணம் இல்லாதது. சத்தம் போடும், நாம் கொடுக்கும் நம்பர்களுக்கு, மூன்றுவரை, வரிசையாகப் போன் பண்ணும். உள்ளே காமிரா வைப்பதற்கு அவருக்கு ஆசை. என் வீட்டுக்குள் நான் தலை வாருவதைப் படம் பிடித்து எங்கேயோ அனுப்பிவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாசலுக்கு ஒன்று போதும்.

முதல் வாரத்திலேயே கூத்தாகிவிட்டது. நைட் ட்யூட்டி முடிந்து காலை எட்டரை மணிக்கு வந்தேன். அவரும் பையனும் சீக்கிரமே கிளம்பிப் போயிருந்தார்கள், அலாரத்தைப் போட்டுவிட்டு. கதவைத் திறந்தால் ‘பீப் பீப்’ என்று கூப்பிடும், 30 வினாடிக்குள் ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். கையில் கிளவுஸ், கண்ணில் தூக்கம், எண் சுத்தமாக மறந்துவிட்டது. பையன் பிறந்த தேதியை அழுத்தினேன், என் பிறந்த தேதியை அழுத்தினேன். (இரண்டும் இல்லை, அப்படி வைக்கக் கூடாது என்று நான்தான் உபதேசம் செய்திருந்தேன்.) சைரன் அலற ஆரம்பித்தது. காதைப் பொத்திக்கொண்டு அவருக்கு போன் போட்டுக் கேட்டு ஒருவழியாக அணைத்தேன். வாசலைப் பார்த்தால், இரவு உடுப்புக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு, அந்த வண்டியைத் தள்ளியபடி பெரியவர் தெருவில் பாதி தூரம் வந்துவிட்டார். தரையெல்லாம் பனி, வழுக்கி விழுந்திருந்தால் என்ன ஆவது? ஒரு கையில் டார்ச் வேறு, பட்டப்பகலில். “போன் வந்தது, அதான் வந்தேன்” என்றார். உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்தேன். நாலு வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் தெருக்காரர் அவர்தான்.

மூன்று நம்பரில் ஒன்று அவர், இன்னொன்று இரண்டு வீடு தள்ளி இருக்கும் பள்ளி ஆசிரியை. மூன்றாவது இன்னும் காலி. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பையன் இப்போது விளக்கை அணைத்துவிட்டுத்தான் தூங்குகிறான். அலாரத்தைப் போடுவது அவன் வேலை. போட்டபிறகு கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசியாக ஒரு உதவி. இன்சூரன்ஸ்காரர்கள் வளையலுக்கு ரசீதோ போட்டோவோ கேட்கிறார்கள். ரசீதுக்கு எங்கே போவது? கல்யாண ஆல்பத்தில் நான் மேடையில் கையைத் தூக்கிக் கும்பிடும் படம் ஒன்று இருக்கிறது, அதில் இரண்டு வளையலும் தெளிவாகத் தெரியும். அம்மா மத்தியானம் தூங்கும்போது போனில் அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். வெளிச்சம் படத்தில் பளிச்சென்று அடிக்காமல், ஜன்னல் பக்கம் வைத்து எடுங்கள். ஆல்பத்தை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்பாள், உங்களுக்குப் பொய் சொல்ல வராது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்