மிக நீண்ட மெதட்டைத் திறந்து பாருங்கள்: யாழ்ப்பாணத்துக் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

யாழ்ப்பாணத்தில் செய்நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சின்ன அறையில் நாலு பேராக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறோம். உங்களிடம் படித்த பிள்ளைகள் வருடாவருடம் எங்களிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். லூப், ரிகர்ஷன் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மூன்று மாதத்துக்கு முன் தாங்களே எழுதியதை வாசிக்கச் சொன்னால் திகைத்துப் போகிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

அண்மையில் ஒரு கடையின் பில் போடும் மென்பொருள் திருத்த வேலைக்கு வந்தது. ஜாவாவில் எழுதியது. பில்லைச் சேமிக்கும் மெதட், அதாவது அந்த வேலைக்கென்று பெயரிட்ட நிரல் துண்டு, மட்டும் நானூறு வரிக்கு மேல். கடனுக்கு வாங்குகிற சிலருக்குக் கழிவு இரண்டு தரம் விழுகிறது என்பது முறைப்பாடு. பயிற்சிக்கு வந்த பிள்ளையும் நானும் ஒன்றரை நாள் தேடினோம். மேலே ஓரிடத்தில் கழிவு கழிபடுகிறது. இருநூறு வரி தள்ளி, ஐந்து இஃப் நிபந்தனைகளுக்கு உள்ளே, அதே கழிவு மறுபடியும். இடையில் ‘டெம்ப்’ என்றொரு மாறி: முதலில் மொத்தத் தொகை, பிறகு அரசு வரி சேர்ந்த தொகை, கடைசியில் சரக்கின் மிச்சம். திருத்தியது ஒரே ஒரு வரி.

அந்த மெதட்டுக்குள் ஏழு கொமென்ற், அதாவது வாசிப்பவருக்கான குறிப்புகள், இருந்தன. ‘மொத்தம்’, ‘கழிவு’, ‘ஸ்டொக் குறைத்தல்’ என்று தலைப்புப் போல. எழுதியவருக்கு வேலை எங்கெங்கே பிரிகிறது என்று தெரிந்தே இருந்திருக்கிறது. அந்த ஏழு கொமென்ற்றும் ஏழு மெதட்டின் பெயர்கள்.

அந்தப் பெரிய மெதட்டைச் சிறு மெதட்டுகளாக வெட்டத் தொடங்குமுன் பழைய பில்கள் பத்தை எடுத்து, திருத்திய நிரலில் ஓட்டி, விடைகளைக் கையால் சரிபார்த்து எழுதி வைத்தோம். ஒரு துண்டை வெட்டுவது, பத்தையும் மறுபடி ஓட்டுவது, விடை மாறவில்லை என்றால் மட்டும் அடுத்த துண்டு. வெட்டுகிற வேலையை எடிட்டரே செய்து தரும். வெட்டவேண்டிய துண்டைத் தெரிவுசெய்து விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும்: இன்டெலிஜேயில் கன்ட்ரோல், ஆல்ட், எம். எக்லிப்ஸில் ஆல்ட், ஷிஃப்ட், எம். புதிய மெதட்டுக்குத் தேவைப்படும் மாறிகள் பராமீற்றராக உள்ளே போகும், மாறிய பெறுமதி ரிட்டேர்னாகத் திரும்பி வரும். இரண்டு மூன்று பெறுமதிகள் ஒன்றாகத் திரும்பி வரவேண்டியிருந்தால், வெட்டிய இடம் பிழை, அல்லது அவை சேர்ந்து ஒரு ஒப்ஜெக்ட் ஆகவேண்டியவை. பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

முடிவில் அந்தப் பெரிய மெதட் ஒன்பது வரியானது. பொருட்களைச் சரிபார், மொத்தத்தைக் கூட்டு, கழிவைக் கழி, வரியைச் சேர், இருப்பைக் குறை, கடன் ஏட்டில் பதி, பில்லை அச்சிடு. இதை அப்படியே முதலாளிக்குத் தொலைபேசியில் வாசித்தேன். “தம்பி, பழைய நிலுவையைப் பாத்திட்டெல்லோ நான் கழிவு குடுக்கிறனான்” என்றார். அப்படி ஒரு படி நிரலில் இல்லவே இல்லை. நானூறு வரிக்குள் இருந்தபோது அது இல்லாதது யாருக்கும் தெரியவில்லை.

மெதட்டுகள் கூடினால் வேகம் குறையும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்; எங்கோ ஒரு வகுப்பில் கேட்டிருக்க வேண்டும். ஜாவா நிரலை ஓட்டும் ஹொட்ஸ்பொட் இயந்திரம், 35 பைட்டுக்கு மேற்படாத பைட்கோட் (ஜாவா நிரல் மாற்றப்படும் இடைநிலைக் குறி) கொண்ட சிறு மெதட்டுகளைப் பெரும்பாலும் அழைக்கும் இடத்திலேயே பதித்துவிடுகிறது. 8000 பைட்டைத் தாண்டிய மெதட்டையோ, நாம் அமைப்பை மாற்றாதவரை, இயந்திரக் குறியாக மாற்றுவதே இல்லை; அது மெதுவாகவே ஓடும். வேகத்துக்குப் பயந்தால் பயப்பட வேண்டியது நீளத்துக்கு. சி மொழியில் எழுதப்படும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலின் எழுத்து விதிகளும் ஒரு ஃபங்ஷன் ஒன்றிரண்டு திரைக்குள் அடங்கவேண்டும், உள்மாறிகள் 5 முதல் 10க்கு மேல் போகக்கூடாது என்கின்றன.

கண்டபடி நறுக்குவதையும் நான் கேட்கவில்லை. ‘பகுதி1’, ‘பகுதி2’ என்று பெயர் வைத்து வெட்டினால் வாசிப்பவர் மேலும் கீழும் ஓடிக் களைப்பதுதான் மிச்சம். நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம்: வெட்டப்போகும் துண்டு என்ன செய்கிறது என்று முதலில் தமிழில் ஒரு வினையோடு வாய்விட்டுச் சொல்லவேண்டும். ‘நிலுவையைப் பார்’ என்று வந்தால் வெட்டலாம். ‘அதையும் பார்த்து, இதையும் மாற்றி’ என்று இழுபட்டால் இன்னும் யோசிக்கவேண்டும். தமிழில் சிந்திக்கும் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடுகிறது.

என் வேண்டுகோள் இதுதான். புரொஜெக்ட்டுக்குப் புள்ளி போடும்போது ஓடுகிற திரையோடு நிற்காமல், அதிலுள்ள மிக நீண்ட மெதட்டைத் திறந்து, உங்கள் முன்னால் விளக்கச் சொல்லுங்கள். அதற்கென்று சில புள்ளிகளை ஒதுக்குங்கள். இறுதித் தவணையில் ஒரு வேலையாவது, முதல் தவணையில் தாங்கள் எழுதிய நிரலைச் சீராக்குவதாக இருக்கட்டும்.

பழைய நானூறு வரியையும் புதிய ஒன்பது வரியையும், கடையின் விபரங்களை எடுத்துவிட்டு, அச்சடித்து வைத்திருக்கிறோம். எந்த வகுப்புக்கும் கொண்டுவந்து காட்டத் தயார். சனிக்கிழமைகளில் எங்களுக்கு வேலை குறைவு.

அன்புடன்,
திருநெல்வேலியிலிருந்து ஒரு மென்பொருளாளர்