இன்சுலின் ஊசியைப் போடாமல் விடுகிறவர்களைத் திட்டுவதற்கு முன்: திருப்பூர் பனியன் தொழிலாளர்களின் மனு

அனுப்புநர்: பனியன் கம்பெனித் தொழிலாளர்களில் சர்க்கரை நோயாளிகள், குடும்பத்தார்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருப்பூர்
பொருள்: இன்சுலின், சிரிஞ்சு வழங்கும் முறையை மாற்றித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு ஆஸ்பத்திரி ஓபி-யில் (புறநோயாளிகள் பிரிவில்) முதல் கேள்வியே "ஊசி ஒழுங்கா போடறியா?" என்பதுதான். இல்லை என்றால் திட்டு விழும், அதனால் பாதிப்பேர் போடுகிறேன் என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் அதை நம்பி, போட்டும் சுகர் குறையவில்லையே என்று அளவை ஏற்றி எழுதுகிறார். அந்த அளவை என்றைக்காவது அப்படியே போட்டால் சுகர் ஒரேயடியாக இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிவிடும். ஓவர்லாக் தையல் மெஷின் முன்னால் ஒருமுறை அப்படி ஆனவர் மறுநாள் ஊசியைத் தொடுவாரா? ஊசி போடும் இடத்து வலி எல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை.

எங்களில் பெரும்பாலோருக்குத் தருவது 30/70 கலவை இன்சுலின், அதாவது சீக்கிரம் வேலை செய்வது 30 பங்கு, மெதுவாக வேலை செய்வது 70 பங்கு. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போட வேண்டும், போட்டுவிட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். ஆர்டர் நெருக்கும் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடும், சில நாள் விடியவிடிய ஓடும், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பது சூப்பர்வைசருக்கே தெரியாது. பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) இருப்பவர் பாதியில் எழுந்துபோய்ச் சாப்பிட்டால் கூலி குறையும். அதனால் ஊசியை விடுகிறார். பிடிவாதம் என்று சீட்டில் எழுதுவது சுலபம்.

அப்புறம் பாட்டில் கணக்கு. ஒரு பாட்டில் 10 மில்லி, மில்லிக்கு 40 யூனிட், ஆக 400. காலை 20, இரவு 10 போடுகிறவருக்கு மாதம் 900 யூனிட் வேண்டும். கையில் கிடைப்பது இரண்டு பாட்டில், 800. கடைசி மூன்று நாள் என்ன செய்வது? சிலர் தினமும் மூணு நாலு யூனிட் குறைத்துப் போட்டு மாதத்தை ஓட்டுகிறார்கள். மீதியை வெளியில் வாங்கலாம்தான், ஆனால் சனிக்கிழமைச் சம்பளம் வந்தால்தான் எங்களுக்குக் காசு. சிரிஞ்சும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம், ஒன்றையே முனை மழுங்கும்வரை போடுகிறோம்.

இன்சுலினைக் குளுமையாக வைக்க, தகர ஷீட் போட்ட லைன் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது? ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் பாட்டிலைக் கவரில் சுற்றி வைக்கலாம் என்பதைக்கூட யாரும் சொல்லித் தரவில்லை.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. இன்சுலினையும் அவரவர் யூனிட் கணக்குப்படி முழு மாதத்துக்கு, சிரிஞ்சோடு அப்படியே கொடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு லீவு ஞாயிறுதான், அன்று காலை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்சுலின் வாங்க வழி செய்யுங்கள், வார நாளில் வந்தால் அரைநாள் கூலி போகிறது. ஷிப்ட் நேரத்தைக் கேட்டு, அதற்கு ஏற்ற மருந்தும் அளவும் எழுதும்படி டாக்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஊசி போட்டவர் சாப்பிட எழுந்தால் தடுக்கக் கூடாது, கூலியைப் பிடிக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்கும் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு உத்தரவு போனால் ரொம்ப உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மேற்கண்ட தொழிலாளர்கள்