எங்கள் தண்ணீரில் சோதித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பென்னாகரம் வட்டாரப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைக் கூச்சம் என்று நினைத்தேன். பல்லில் ஏறியிருந்த காவிக் கறையை மறைக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறையிலேயே அந்தக் கறைக்குக் காரணமான புளோரைடு இருக்கிறது. அது ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. மீறினால் பல்லோடு நிற்காது. எலும்பையும் மூட்டையும் முடக்கும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் களி கிண்டவும் பருப்பு வேகவைக்கவும் போர் தண்ணீரைத்தான் எடுக்கிறோம். "காய்ச்சித்தான் குடிக்கிறோம் டீச்சர்" என்பார்கள் தாய்மார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் சுத்திகரிப்புக் கருவி வைத்தார்கள். உள்ளே புளோரைடைப் பிடித்துவைக்கும் அலுமினா என்ற பொருள் இருந்தது. சில மாதங்களில் அதன் பிடிக்கும் திறன் தீர்ந்துபோயிற்று, மாற்ற யாரும் வரவில்லை. பிள்ளைகள் அந்தக் கருவியிலேயே தண்ணீர் பிடித்துக் குடித்தார்கள். புளோரைடுக்கு நிறமில்லை, வாசமில்லை. நாக்குக்கு எப்படித் தெரியும்? அன்றே சோதித்துப் பார்க்காமல் விட்டது இன்றும் என் மனதை அறுக்கிறது.

ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் சோடியம் புளோரைடு உப்பைக் கரைத்துச் சோதித்தால், அலுமினா போன்ற பல வடிபொருள்கள் நன்றாக வேலை செய்வதாகவே தெரியும். எங்கள் போர் தண்ணீர் அப்படிப்பட்டதல்ல. அதில் காரத்தன்மையும் பைகார்பனேட்டும் உண்டு. அலுமினாவோ சற்றே அமிலமான நீரில்தான் புளோரைடை நன்றாகப் பிடிக்கும். பிடித்து முடித்ததும் காரமும் அமிலமும் விட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கழிவை எங்கே கொட்டுவது? ஆர்.ஓ. கருவி ஒதுக்கும் நீரிலும் இதே புளோரைடுதான், முன்னைவிட அதிகமாக. அதைச் சாக்கடையில் விட்டால் மறுபடி நம் நிலத்துக்கே வரும்.

படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைக்கும் முறையை நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) உருவாக்கியது. புளோரைடால் அவதிப்பட்ட, தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தின் பெயரே அதற்கு நிலைத்தது. அதே அவதியில் இருக்கும் எங்களுக்கும் சொந்த ஆய்வு வேண்டாமா? பைசுஅள்ளியில் பெரியார் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தருமபுரியிலும் பர்கூரிலும் அரசு பொறியியல் கல்லூரிகள், தருமபுரியில் மருத்துவக் கல்லூரி. இவை சேர்ந்து பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை, மத்தூர் என்று ஊர் ஊராகப் போர் தண்ணீரை எடுத்து, கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோதிக்கட்டும். எந்த வடிபொருள் எந்த ஊர்த் தண்ணீரில் எத்தனை குடம் தாங்கும் என்ற கணக்கை அந்தந்தத் தொட்டியடியில் தமிழில் எழுதிவைக்கட்டும். அதற்கான நிதியை அரசு ஒதுக்க வேண்டும்.

சோதனை தொடங்கினால் எங்கள் தெருப் போர் தண்ணீரை மாதாமாதம் பிடித்துக் கொண்டுவந்து தர நான் தயார்.

– ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.