பிள்ளைகளுக்குப் பெரிய வெள்ளியையும் கொடுங்கள்

சென்னைத் திருச்சபைகளின் ஆயர்களுக்கும், சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் குழுவினருக்கும், ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நாம் எடுக்கும் பிரயாசம் கொஞ்சநஞ்சமல்ல. பாட்டு, அசைவு, பேனர், டி-ஷர்ட் என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். ஈஸ்டருக்குப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது? குருத்தோலை ஞாயிறன்று ஓசன்னா பாடி ஓர் ஊர்வலம். அடுத்த ஞாயிறு ஒரு சாக்லேட் முட்டை, வண்ணம் தீட்ட ஒரு முயல் படம். நடுவில் இருக்கும் நாட்கள் எல்லாம் பெரியவர்களுக்கு. இயேசு சிலுவையில் மரித்ததை நினைக்கும் பெரிய வெள்ளியன்று, மதியம் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் பிள்ளை நெளிந்தால் வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறோம். கல்லறை மூடப்பட்டதையே பார்க்காத பிள்ளைக்கு, அது திறந்திருந்தது என்பது எப்படி நற்செய்தியாகும்?

நான் கேட்பது இதுதான். குருத்தோலை ஞாயிறிலிருந்து ஈஸ்டர் வரையிலான பரிசுத்த வாரம் முழுவதையும் பிள்ளைகளின் கைக்குக் கொடுங்கள். கதையாகச் சொல்லி முடித்துவிடாமல், செய்யவிடுங்கள்.

இது ஏதோ புதிய கல்விமுறை என்று நினைக்க வேண்டாம். யாத்திராகமம் 12-ம் அதிகாரத்தில், எகிப்தின் அடிமைத்தனத்தைவிட்டு இஸ்ரவேலர் அவசரமாகப் புறப்பட்ட இரவை நினைக்கும் பஸ்கா பண்டிகையைக் கட்டளையிடும்போதே, இதற்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறது. முதலில் செய்கை, அப்புறம் கேள்வி, அதற்குப் பிறகுதான் பாடம். இன்றும் யூத வீடுகளில் பஸ்கா இரவில் கேள்வி கேட்பது பெரும்பாலும் வீட்டின் கடைசிப் பிள்ளைதான். இயேசுவும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்.

புளிப்பில்லாத அப்பத்தை விளக்கச் சென்னைப் பிள்ளைக்கு ஒலிவமரப் படம் தேவையில்லை. ஒரு கிண்ணத்தில் முந்தின இரவு அரைத்துப் பொங்கி நிற்கும் இட்லி மாவு, இன்னொன்றில் அப்போதுதான் பிசைந்த கோதுமை மாவு. இன்று ராத்திரியே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும், எந்த மாவுக்குக் காத்திருக்க நேரமிருக்கும் என்று கேளுங்கள். பதிலை அவர்களே சொல்வார்கள். அவர்களே அப்பத்தைத் தேய்த்து, நம் கண் முன்னால் தவாவில் சுடட்டும். பெரிய வியாழன் இரவு, சீஷர்களோடு கடைசி விருந்தில், இயேசு கையில் எடுத்துப் பிட்டது எது என்பது அதற்குப் பிறகு மறக்காது.

கால் கழுவுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல இடங்களில் பிள்ளைகளை விட்டு அப்பா அம்மாவின் கால்களைக் கழுவச் சொல்கிறார்கள். பார்க்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் சிறியவர் பெரியவரின் பாதத்தைத் தொடுவது வழக்கம். சில பள்ளிகளில் தேர்வுக்கு முன் பாத பூஜையே நடத்துகிறார்கள். யோவான் 13-ல் நடந்தது அதற்கு நேர் எதிர். போதகரான இயேசு மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து, சீஷர்களின் கால்களைக் கழுவினார். பேதுரு முடியவே முடியாது என்று மறுத்தது அதனால்தான். எனவே கழுவ வேண்டியது பிள்ளைகள் அல்ல, நாம். ஆசிரியை கழுவட்டும், சேகரக் குழுச் செயலர் கழுவட்டும், ஆயர் கழுவட்டும். அந்தப் பிள்ளை காலை இழுத்துக்கொண்டு, “வேண்டாம் ஐயா” என்று கூச்சப்படும். பேதுரு பட்ட கூச்சம் அதுதான் என்று அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுங்கள்.

பெரிய வெள்ளி அரசு விடுமுறை நாள். பெரியவர்கள் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆலயத்தில் இருக்கும்போது, பக்கத்து ஹாலில் பிள்ளைகள் அடக்கத்துக்கான ஆயத்தத்தைச் செய்யட்டும். இயேசுவின் அடக்கத்துக்கு நிக்கொதேமு என்ற யூதத் தலைவர் வெள்ளைப்போளமும் கரியபோளமும் என்ற வாசனைப் பொருட்களைக் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவந்தார் என்று யோவான் 19-ல் வாசிக்கிறோம். வாசித்துவிட்டுக் கடந்துபோய்விடுகிறோம். ரோம இராத்தல் கணக்கில் அது சுமார் 33 கிலோ. ஓர் அரிசிக்கடையின் 25 கிலோ மூட்டையைத் தரையில் வைத்து, பெரிய பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைச் சேர்ந்து தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் மேலே எட்டுக் கிலோ! ராஜாவுக்குச் செய்யும் அடக்கம் அது என்பது கைக்குத் தெரியும். கரியபோளம் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது. சின்னத் துண்டை முகர்ந்து பார்க்கட்டும், வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள நீங்கள் பக்கத்தில் இருந்துகொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் துணியை மடித்து, அதில் கிராம்பும் பட்டையும் இடித்துத் தூவிக் கட்டட்டும்.

அடுத்து கல்லறைத் தோட்டம். ஒரு மண் தட்டில் மண் நிரப்பி, சின்னச் சட்டியைக் கவிழ்த்துக் குகை செய்து, சுற்றிலும் ஊறவைத்த பச்சைப்பயறு. குருத்தோலை ஞாயிறன்று விதைத்தால் நம் ஊர் வெயிலுக்கு அந்த வாரத்துக்குள் முளைத்துவிடும். கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்திருக்கும் என்று இயேசு சொன்னதை விதைக்கும்போதே சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை துணிச்சுருளைக் குகைக்குள் வைத்துக் கல்லால் அடைக்க வேண்டும். சனிக்கிழமை எதுவும் செய்யக் கூடாது. இங்கேதான் நமக்குப் பொறுமை போய்விடுகிறது. பிள்ளை முகம் வாடினால், “கவலைப்படாதே, நாளைக்கு எழுந்துவிடுவார்” என்று உடனே சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். சீஷர்களுக்கு அன்றைக்கு யாரும் அப்படி வந்து சொல்லவில்லை.

ஒரு கவனம் வேண்டும். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளிடம் சவுக்கையும் ரத்தத்தையும் விவரிக்க வேண்டியதில்லை. “இயேசுவைக் கொன்றுவிட்டார்கள், அவருடைய அம்மா பக்கத்தில் நின்றார்” என்பதே அந்த வயதுக்குப் போதும். பெரிய பிள்ளைகள் ஓர் இரும்பு ஆணியைக் கையில் வைத்துப் பார்க்கலாம். நாடகம் போட்டால் “யூதர்கள்” என்று ஒரு வில்லன் கூட்டத்தை உருவாக்காதீர்கள். இயேசுவும் மரியாளும் பேதுருவும் யூதர்கள்தான்.

நாடகம் என்றதும் இன்னொன்று. பெண்பிள்ளைகளுக்குத் தேவதூதர் வேடமோ, அழும் வேடமோதான் பெரும்பாலும் கிடைக்கிறது. உயிர்த்த கர்த்தரைக் கண்டேன் என்று சீஷர்களிடம் போய்ச் சொன்னவள் மகதலேனா மரியாள். அந்த வசனத்தைச் சத்தமாகச் சொல்லும் வேடத்தை ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுங்கள்.

முட்டையை ஒழித்துவிடச் சொல்லவில்லை. இடைக்காலத்தில் மேற்குத் திருச்சபை, ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்களில் முட்டையை விலக்கி வைத்ததால் அது பண்டிகை உணவானது. கிழக்குத் திருச்சபைகளில் கிறிஸ்துவின் இரத்தத்தை நினைத்து அதைச் சிவப்பாகச் சாயமேற்றுகிறார்கள். அந்த அர்த்தத்தோடு பிள்ளைகளே பீட்ரூட் சாற்றில் சாயமேற்றினால் எனக்கும் சந்தோஷம். முயல் ஜெர்மனி நாட்டு வழக்கம், அதற்கு நம் பாடத்தில் வேலை இல்லை. அப்புறம், ஆசிரியை வெட்டி, ஆசிரியை ஒட்டி, பிள்ளை பெயரை மட்டும் எழுதும் கைவேலைகளையும் நிறுத்துவோம். கோணலாக இருந்தாலும் பிள்ளை மடித்த குருத்தோலைச் சிலுவையே ஆலயத்தில் வைக்கப்படட்டும்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு வகுப்புக்கு விடுமுறை விடாதீர்கள். தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று தோமா சொன்னதும், எட்டு நாளுக்குப் பின் இயேசு வந்து கையை நீட்டச் சொன்னதும் அந்த வாரத்தின் பாடம். உலகத்தில் எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தோமாவின் பெயரில் ஒரு மலை மின்சார ரயில் தூரத்தில் இருக்கிறது? அவர் இரத்தசாட்சியாக மரித்த இடம் என்று பாரம்பரியம் சொல்லும் பரங்கிமலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 18-ம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த படிகளில் ஏறட்டும். அது கத்தோலிக்க ஆலயம், நமக்கென்ன என்று யோசிக்காதீர்கள். தோமா எல்லாருக்கும் பொது.

முழு ஆண்டுத் தேர்வு நேரமாயிற்றே என்று பெற்றோர் சொல்வார்கள். அவர்கள் கவலை நியாயமானது. 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28-ம் தேதியே வந்துவிடுகிறது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். லெந்து ஞாயிறுகளில் வகுப்புக்கு அரைமணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள், பெரிய வெள்ளிக்கு ஹாலை ஒதுக்குங்கள், மண் தட்டுக்கும் பயறுக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். வருகிற சேகரக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, பொறுப்பாளர் யார் என்று முடிவெடுத்து அறிவியுங்கள். வேலை செய்ய ஆசிரியைகள் நாங்கள் தயார்.

கிறிஸ்துவின் பணியில்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை
பெரம்பூர், சென்னை