நெடுந்தீவில் எங்களுக்குத் தண்ணீர் தந்தவர்களுக்கு

அன்புள்ள நெடுந்தீவு உறவுகளுக்கு,

போன ஓகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை மூன்று சைக்கிளோடு உங்கள் ஊரில் வந்து இறங்கி, மத்தியானம் ஒரு ஆளை லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் படுக்கவைத்து ஏற்றிக்கொண்டு போன கூட்டம் நாங்கள்தான். படுத்திருந்தவன் நான். உங்களில் பலருடைய பெயரைக் கேட்கக்கூட அன்றைக்கு எனக்கு நிதானம் இருக்கவில்லை. தெரிந்த ஒன்றிரண்டு பெயர்களையும் எழுத வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். "பேர் போடுற அளவுக்கு நான் என்ன செய்தனான்?" என்று ஒருவர் சிரித்தார். ஆகவே செய்த காரியத்தை வைத்தே அடையாளம் சொல்லி எழுதுகிறேன். வாசிக்கிறபோது உங்களுக்கே தெரியும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பயணம் என் யோசனை. ரொறன்ரோவிலிருந்து தங்கச்சியின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளும் என் பதினைந்து வயது மகனும் "ஓட்டோவிலை சுத்திப் பாப்பம்" என்றுதான் சொன்னார்கள். நான் விடவில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் கலியாண வீடு, செத்த வீடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் சைக்கிள் உழக்கியே வளர்ந்தவன் என்று அவர்களுக்கு இரண்டு நாளாகக் கதையளந்தேன். தீவைச் சுற்றி வந்தாலும் ஒரு முப்பது கிலோமீற்றர்தான் வரும், இதெல்லாம் ஒரு தூரமா என்று கேட்டேன். அன்றைக்கு இருந்த காலுக்கும் இன்றைக்கு இருக்கிற காலுக்கும் நடுவில் முப்பது வருசம் கிடக்கிறது என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையில் சைக்கிள்களைத் தூக்கிப் படகின் முன்பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டித் தந்த தம்பிமாருக்கு நன்றி. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்குஞ்சுப் பெட்டி என்று ஊருக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு படகில்தான் போகிறது. அதற்குள் எங்கள் வெட்டிச் சைக்கிள்களுக்கும் இடம் ஒதுக்கினீர்கள். சோளகக் காற்று இன்னும் ஓயாத காலம். ஒரு மணித்தியாலமும் படகு ஏறி ஏறி விழுந்தது. பெட்டிக்குள்ளிருந்த குஞ்சுகளைவிட நான்தான் கூடச் சத்தம் போட்டேன் என்று மகன் இப்போதும் சொல்லுகிறான்.

மாவலி இறங்குதுறையில் இறங்கியதும் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடத்தைப் பார்த்து மருமகள் நின்றுவிட்டாள். 1985 மே 15 என்றால் எங்கள் வயதுக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. அவளுக்கு எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்களோடு படகில் வந்த ஐயா ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "என்ரை பெரியம்மாவும் அதிலை வந்தவ பிள்ளை" என்று மட்டும் சொன்னார். பிறகு பையை எடுத்துக்கொண்டு நடந்தார். ஐயா, அந்தப் பிள்ளை அன்றிரவு வீட்டில் இருந்து அதைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இன்னும் முடியவில்லை. உங்களுக்கு நன்றி.

சந்திக் கடை அக்கா, நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "உந்த வெயிலுக்கை சைக்கிளோ? பின்னேரமாப் போங்கோ. இல்லையெண்டால் ஆளுக்கு ரெண்டு போத்தில் தண்ணியெண்டாலும் கொண்டு போங்கோ." நான் ஆளுக்கு ஒன்று வாங்கினேன். மிச்சக் காசுக்கு இரண்டு சோடா. பின்னேரம் நான் வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தபோது, "அப்பவே சொன்னனான்" என்று ஒரு சொல் உங்கள் வாயிலிருந்து வரவில்லை. நானென்றால் சொல்லியிருப்பேன்.

காலை நன்றாகத்தான் போனது. ஒல்லாந்தர் கோட்டையின் மிச்சச் சுவர்களையும் புறாக்கூட்டையும் பார்த்தோம். பெருக்கமரத்துப் பொந்துக்குள் மூன்று பேரும் நுழைந்து நின்றோம். உள்ளே மண்பானைக்குள் இருக்கிற மாதிரிக் குளிர்மை. பேசாமல் அங்கேயே பாயைப் போட்டிருக்கலாம். மகனுக்குக் கோட்டையைவிடக் கல்வேலிகளில்தான் கண். சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாமல் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, காற்று நடுவால் போய்வருகிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். வளவு வளவாக, கண்ணுக்கெட்டும் தூரம் வரைக்கும். ஒரு வேலியில் விழுந்து கிடந்த கல்லை எடுத்து வைக்கப் போனவனை வளவுக்காரர் ஒருவர் கூப்பிட்டு, எந்தக் கல் எந்தக் கல்லில் எப்படிக் கொளுவி இருக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அவருக்குக் கால் மணித்தியாலம் வீண். என் மகனுக்கு அந்தப் பயணத்திலேயே அதுதான் பெரிய விசயம்.

பதினொன்றரைக்குத் தெற்குப் பக்கம் திரும்பினோம். பிழை அங்கேதான் தொடங்கியது. ஓகஸ்ட் கடைசியில் சூரியன் இரண்டாம் முறையாக எங்கள் தலைக்கு நேரே வருகிறது. மத்தியானம் என் நிழல் சைக்கிளுக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தது. கீழே வெள்ளைச் சுண்ணாம்புத் தரை, மேலே வெயில், முகத்துக்கு நேரே சோளகம். அந்தக் காற்றுத்தான் என்னை ஏமாற்றியது. வேர்வை வருகிறதே தெரியாமல் காய்ந்துபோக, வெயில் அவ்வளவு இல்லை என்று நினைத்துக்கொண்டே உழக்கினேன். சோடா முடிந்திருந்தது.

பிறகு முன் ரயர் காத்துப் போனது. உடைமுள். பூவரசுக்குக் கீழே வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணை, நாங்கள் கேட்காமலே எழும்பி வந்தீர்கள். சைக்கிளைக் கவிழ்த்து, கரண்டிக் காம்பால் ரயரைக் கழற்றி, வாளித் தண்ணீரில் ரியூப்பை அமிழ்த்திக் குமிழி பார்த்து, பழைய ரியூப்பில் வெட்டிய துண்டை ஒட்டினீர்கள். சொலூஷன் குப்பியை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கினபோது உங்களிடம் இருந்தது அவ்வளவுதான் என்று எனக்கு விளங்கியது. "நிழலுக்குள்ளை வந்து நில்லுங்கோ" என்று மூன்று தரம் சொன்னீர்கள். நீங்கள் எனக்காக வேலை செய்ய நான் நிழலில் நிற்பது மரியாதை இல்லை என்று பக்கத்தில் வெயிலுக்குள் நின்றேன். அந்த ஒட்டு இன்றைக்கும் அசையவில்லை அண்ணை. அசைந்தது நான்தான்.

குதிரைகளைக் கண்டோம். ஏழெட்டு மட்டக்குதிரைகள், வற்றிக்கொண்டிருந்த ஒரு கேணியைச் சுற்றி, தலையைத் தொங்கப்போட்டபடி. கோடையில் தண்ணீர் இல்லாமல் அவை சாகிற செய்தியை வருசா வருசம் வாசிக்கிறவன் நான். நேரே பார்த்தபோது மருமகளுக்கு அவற்றைக் காட்டிச் சொல்ல ஒரு பெரிய பேச்சு வைத்திருந்தேன். போர்த்துக்கேயர் கொண்டு வந்தது, ஒல்லாந்தர் வளர்த்தது என்று தொடங்கினேனாம். நடுவில் சொற்கள் குழம்பி, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேனாம். எனக்கு ஞாபகம் இருப்பது தலையிடியும், கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுத்ததும், அந்த வெயிலுக்குள்ளும் உடம்பு புல்லரித்ததும். பிறகு ஒரு படலை. பிறகு ஆச்சி.

ஆச்சி, உங்களுக்கு எழுதத்தான் இந்தக் கடிதமே தொடங்கியது.

நீங்கள் என்னை ஓலைக் கொட்டிலுக்குள் கிடத்தியதும், "மடக்கு மடக்காக் குடி மோனை, ஒரேயடியா இழுக்காதை" என்று சொன்னதும் அரைகுறையாகக் கேட்டது. செம்புக்குள் உப்புக் கல்லும் சீனியும் தேசிக்காயும் கரைத்திருந்தீர்கள். உங்கள் கிணற்றில் மகனை அள்ளச் சொல்லி, என் தலையிலும் கழுத்திலும் ஊற்றி, துவாயை நனைத்து நெஞ்சில் போட்டு, ஓலை விசிறியால் விசிறினீர்கள். அவன் அதே வாளியிலிருந்து தானும் ஒரு வாய் குடிக்கப் போக, "அது உவர், தம்பி. தலைக்கு ஊத்தத்தான்" என்று தடுத்தீர்கள். குடிக்கிற தண்ணீர் திண்ணையில் தட்டால் மூடி இரண்டு குடத்தில் இருந்ததாம்.

இதை மருமகள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நான் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். முருகைக்கல் தரையில் மாரிமழை ஊறி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக நன்னீர் நிற்கும். கோடையில் கொஞ்சம் கூட இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். சாராப்பிட்டி நன்னீர்க் கிணறுகளுக்கு உங்கள் ஊரில் ஏன் அவ்வளவு பெயர் என்றும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமா, அப்ப நாங்கள் ஒரு குடத்தை முடிச்சுப்போட்டு வந்திருக்கிறம்" என்றாள். நாங்கள் வெளிக்கிடும்போது ஒரு குடம் சரித்து வைத்திருந்ததாம். எத்தனை நாளுக்கு வைத்திருந்த தண்ணீர் என்று நாங்கள் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மகன் கோபிப்பான். மருமகள் கனடா என்று அறிந்ததும், "அப்ப என்ரை பேரனைத் தெரிஞ்சிருக்குமே?" என்று கேட்டீர்களாம். அவளுக்குத் தெரியாது. ஆனால் நம்பர் எழுதிய கொப்பியை நீங்கள் எடுத்துக் கொடுக்க, அவள் வீடியோவில் அழைத்துவிட்டாள். இங்கே மத்தியானம் ஒரு மணி. அங்கே விடிய மூன்றரை. பதறி எழும்பிய பேரனுக்கு, "ஒண்டுமில்லை அப்பு, எனக்குச் சுகம். இஞ்சை பார், ஒராள் வந்து விழுந்து கிடக்கு" என்று என்னைக் காட்டினீர்களாம். ஸ்காபரோவில் இருக்கிற அந்தத் தம்பிக்கும் நன்றி. முகம் தெரியாத ஒருவன் வெறும் மேலோடு கிடப்பதை அந்த நேரத்தில் பார்த்தும் போனை வைக்காமல், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, வீட்டிலை வைச்சிருக்காதேங்கோ" என்று சொன்னவர் அவர்தான். அவர் சொன்ன பிறகுதான் எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் அது விளையாட்டில்லை என்று உறைத்ததாம்.

லான்ட்மாஸ்ரர் தம்பிக்கு: நீங்கள் வைக்கோலை இறக்கிவிட்டு எங்களை ஏற்றினீர்கள். பள்ளம் வருகிற இடமெல்லாம் "ஐயா, இப்ப குலுக்கும்" என்று திரும்பிச் சொன்னீர்கள். குலுக்கியது. சைக்கிள் மூன்றையும் நீங்களே இறங்குதுறையில் கொண்டுபோய் வைத்தீர்கள் என்று படகு ஏறும்போதுதான் கண்டேன். டீசலுக்கு என் மகன் நீட்டிய காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்தீர்களாம்.

நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் அன்று கடமையில் இருந்த டொக்டருக்கும் தாதியருக்கும் சிற்றூழியருக்கும் மனமார்ந்த நன்றி. சேலைன் ஏற்றி, ஜீவனி கரைத்துத் தந்து, இரண்டு மணித்தியாலம் வைத்துப் பார்த்தீர்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வேர்வையே நின்று போயிருக்கும், அதற்குப் பிறகு கதை வேறு என்று டொக்டர் சொன்னபோது மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். என்ன குடித்தீர்கள் என்று மிஸ் கேட்க, இரண்டு பிளேன்ரீயும் சோடாவும் என்றேன். அவ எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! காலையில் படம் எடுத்துத் திரிந்த அதே கோட்டைக்குப் பக்கத்தில் கட்டிலில் கிடக்க வேண்டி வரும் என்று யார் நினைத்தார்?

பின்னேரப் படகு எனக்காகப் பத்து நிமிசம் நின்றது. ஓட்டியவருக்கு நன்றி. காத்திருந்த சனத்துக்கு நன்றியோடு மன்னிப்பும். அதில் ஒரு அம்மா பஸ் விட்டுவிடும் என்ற பதற்றத்தில் இருந்தா. அந்தப் பதற்றத்தோடேயே எழும்பி, காற்றுப் படுகிற தன் இருக்கையை எனக்கு விட்டா. அம்மா, உங்களுக்கு பஸ் கிடைத்ததா என்று பார்க்கக்கூட நாங்கள் நிற்கவில்லை.

வலை பொத்துகிற அண்ணைக்கு இரண்டு குப்பி சொலூஷனும் ஒட்டுத் துண்டுப் பெட்டியும் போன கிழமை குறிகட்டுவானில் படகுக்காரத் தம்பிமாரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். "பூவரசடி அண்ணை" என்று எழுதியிருக்கிறேன், சேரும் என்று சொன்னார்கள்.

ஆச்சி, உங்கள் துவாய் என்னிடம் வந்துவிட்டது. நீலக்கரை போட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கழுத்தில் போட்டபடியே படகேறிவிட்டேன். தோய்த்து மடித்து மேசையில் வைத்திருக்கிறோம். அதை ஆளிடம் கொடுத்துவிட மருமகள் சம்மதிக்கவில்லை, தானே கொண்டுவந்து தருவாளாம். அவள் திரும்பிப் போவதற்குள், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலைப் படகில் வருகிறோம். இரண்டு இருபது லீற்றர் கானில் தண்ணீரும் வருகிறது. இந்த முறை ஓட்டோவில்.

இப்படிக்கு,
கொட்டிலில் விழுந்து கிடந்தவனும் பிள்ளைகளும்
கொக்குவில்